முகாமின் பெயர்: வெஹ்தாத் கழகமும் ஜோர்தானின் உதைபந்தாட்டமும்

எமது ஊர் விளையாட்டுக் கழகங்கள் நடத்திய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்று முடிந்த மாலையில், நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு விவாதம் எழுந்தது. அரசியல் கூட்டத்துக்கு இருபது பேர் வருவதில்லை, கோப்பைக்காக அடிபட ஆயிரம் பேர் வருகிறார்கள் என்றார் ஒருவர். அரைவாசிச் சனம் வெளியேறிவிட்ட ஊரின் பெயரில் ஐரோப்பாவில் கழகம் நடத்துவது வெறும் ஏக்கம், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்றார் மற்றவர். வழக்கமாக இத்தகைய விவாதங்களில் வாய் மூடாத நான் அன்று பேசாமலிருந்தேன். இதே கருத்தை இதைவிட மோசமான சொற்களில் ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

அது 1980களின் பிற்பகுதி. பாரிஸில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மரக்கறி வெட்டும் மேசையில் நின்றவர் என்னைவிடப் பத்து வயது மூத்த அரபு மனிதர். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு ஒன்றுதான். எந்த ஊர் என்று முதல்நாள் கேட்டபோது அவர் பலஸ்தீனம் என்றும் சொல்லவில்லை, ஜோர்தான் என்றும் சொல்லவில்லை. 'வெஹ்தாத்' என்றார். நான் அதைப் பலஸ்தீனக் கிராமம் ஒன்றின் பெயர் என்றே பல மாதங்கள் நினைத்திருந்தேன்.

ஓரிரவு அவர் யாருடனும் பேசவில்லை. ஊரிலிருந்து ஏதோ செய்தி வந்திருந்தது. யாரும் செத்துப்போனார்களா என்று கேட்டேன். இல்லை, எங்கள் கழகத்தின் பெயரை அரசாங்கம் மாற்றிவிட்டது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேர்தானே, விளையாடுற ஆக்கள் அதே ஆக்கள்தானே" என்ற பொருள்பட ஏதோ சொன்னேன். விளையாட்டு உழைக்கும் மக்களுக்கு ஊட்டப்படும் அபின் என்று உறுதியாக நம்பிய காலம் அது. அவர் பதில் சொல்லவில்லை. கரட் வெட்டுவதைத் தொடர்ந்தார்.

அவர் ஏன் அன்று பேசவில்லை என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. இக்கட்டுரை அந்தப் பழைய கடனைத் தீர்க்கும் முயற்சி.

1

ஜோர்தானின் தலைநகர் அம்மான் அகதிகளால் எழுந்த நகரம். அதன் நவீன வரலாறு 1878இல் தொடங்குகிறது. ரஷ்யப் பேரரசு கோக்கஸஸ் மலைநாட்டிலிருந்து துரத்திய சர்க்காசியர்களை ஒட்டோமான் அரசு அந்தப் பாழடைந்த ரோமானிய இடிபாடுகளுக்கிடையே குடியேற்றியது. பின்னர் ஆர்மேனியர் வந்தனர். 1921இல் பிரித்தானியரின் துணையுடன் அப்துல்லா அமீர் தன் ஆட்சியை நிறுவியபோது அம்மான் ஒரு சிறு பட்டினம் மட்டுமே.

உதைபந்தாட்டக் கழகங்களின் பட்டியலே இந்த வரலாற்றைச் சொல்லும். 1932இல் பைசலி கழகம் தோன்றியது. கிழக்குக்கரை அரபுக் குடிகளின் கழகமாக, பின்னாளில் அத்வான் குலத்தலைவர்களின் தலைமையில், அது வளர்ந்தது. 1944இல் அஹ்லி கழகத்தைத் தொடங்கியவர்கள் சர்க்காசியர்கள். ஆர்மேனியருக்கும் தனிக் கழகம் இருந்தது. அதே 1944இல் லீக் போட்டிகள் ஆரம்பித்தன. முதற்பட்டம் பைசலிக்கு. இன்றுவரை அதிக தடவை பட்டம் வென்ற கழகமும் அதுவே.

இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சர்க்காசியரின் அஹ்லி 1970களில் பட்டம் வென்றிருக்கிறது. அதன் வெற்றி யாருக்கும் அரசியற் பிரச்சினையாகவில்லை. முதலில் வந்த அகதி காலப்போக்கில் அரண்மனைக் காவலனாகவும் நகரத்தின் பூர்வகுடியாகவும் ஆகிவிட்டான். பிந்தி வந்த அகதிக்கு மட்டும் ஏன் அந்த வழி திறக்கவில்லை? சர்க்காசியர் திரும்பிச் செல்லக் கோரவில்லை. தொகையிலும் அவர்கள் சிறியவர்கள். பலஸ்தீனரோ தொகையிற் பெரியவர்கள். திரும்பிச் செல்வதைத் தம் அரசியலின் மையமாகக் கொண்டவர்கள். வேற்றுமை இங்கேதான் தொடங்குகிறது.

2

1948இல் துரத்தப்பட்டு வந்த பலஸ்தீனருக்கு உதைபந்தாட்டம் புதிதல்ல. யாப்பாவிலும் ஹைஃபாவிலும் யெருசலேமிலும் அரபுக் கழகங்கள் இருந்தன. 1944இல் அரபு விளையாட்டுச் சம்மேளனம் மீண்டும் நிறுவப்பட்டது. நான்கே ஆண்டுகளில் அக்கழகங்களும் மைதானங்களும் அவற்றின் சனமும் சிதறின.

ஜோர்தானில் இவர்களுக்காக நான்கு முகாம்கள் எழுந்தன. அவற்றிற் கடைசியானது 1955இல் அம்மானின் தென்கிழக்கில், அரைச் சதுர கிலோமீற்றருக்கும் குறைவான நிலத்தில், ஐ.நா. நிவாரண நிறுவனம் அமைத்தது. நிறுவனத்தின் ஏட்டில் அதற்கு 'அம்மான் புதிய முகாம்' என்று பெயர். சனம் அதை 'வெஹ்தாத்' என்றது. அரபியில் அச்சொல்லுக்கு 'அலகுகள்' என்று பொருள். வரிசையாகக் கட்டிய குடியிருப்பு அலகுகள். அவ்வளவே. ஓர் ஊருக்கு உரிய மண்ணோ மரமோ மூதாதையோ அப்பெயரில் இல்லை. கட்டடக் கணக்கேட்டிலிருந்து விழுந்த சொல் அது.

அந்த முகாமின் இளைஞர் நிலையத்தில் 1956இல் கழகம் பிறந்தது. பச்சையும் சிவப்பும் அதன் நிறங்கள். சின்னத்தில் யெருசலேமின் பொற்குவிமாடம். மறுவருடம், 1957இல், ஜோர்தானில் அரசியற் கட்சிகள் தடைசெய்யப்பட்டன. அத்தடை சட்டப்படி நீங்கியது 1992இல்தான். கழகத்தின் முதல் முப்பத்தைந்து வருடங்களும் கட்சிகளற்ற வருடங்கள் என்பதை மனதிற் கொள்ளாமல் அதன் வரலாற்றை வாசிக்க முடியாது.

மற்ற முகாம்களிலும் கழகங்கள் இருந்தன. அம்மானின் ஜபல் ஹுசைன் முகாமில் ஒன்று. 1967 யுத்தத்தின் பின் எழுந்த பக்கா முகாமில் இன்னொன்று. இர்பித் முகாமின் கழகத்துக்கு 'ஜலீல்', அதாவது கலிலேயா, என்று பெயர். அது விட்டுவந்த மண்ணின் பெயர். ஆயினும் பலஸ்தீனர் முழுப்பேரின் கழகமாக ஆனது வந்து சேர்ந்த இடத்தின் பெயரைத் தாங்கிய வெஹ்தாத்தான். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கலிலேயாவுக்கும் ஹெப்ரோனுக்கும் லித்தாவுக்கும் தனித்தனி ஞாபகங்கள் உண்டு. முகாம் ஒன்றே எல்லோருக்கும் பொதுவான அனுபவம்.

3

1968 மார்ச்சில் கராமே சமருக்குப் பின் பலஸ்தீனப் போராளிகள் ஜோர்தான் நகரங்களில் வெளிப்படையாகவே ஆயுதங்களுடன் நடமாடினர். வெஹ்தாத் முகாம் அவர்களின் கோட்டையாயிற்று. 1970 செப்டெம்பரில் ஹுசைன் மன்னரின் படை அம்மானுக்குள் நுழைந்தபோது கடுமையான எறிகணை வீச்சுக்கு உள்ளான இடங்களில் வெஹ்தாத்தும் ஒன்று. பல ஆயிரம் பேர் கொல்லப்பட்டனர். மறுவருடம் யூலைக்குள் போராளிகள் நாட்டைவிட்டே விரட்டப்பட்டனர்.

அதன் பிறகு வந்த மௌனம்தான் எனது அக்கறை. இராணுவத்திலும் அரச சேவையிலும் கிழக்குக்கரையாருக்கு முன்னுரிமை வந்தது. பலஸ்தீனர் வர்த்தகத்துக்கும் வளைகுடா வேலைக்கும் திரும்பினர். ஜோசப் மஸாத் 2001இல் வெளியிட்ட, ஜோர்தானிய தேசிய அடையாளம் பற்றிய நூலில், இக்காலத்தில் தேசியம் உடையிலும் உச்சரிப்பிலும் உதைபந்தாட்டத்திலும் தன்னை நிறுவிக்கொண்டதை விபரிக்கிறார். அரபியின் 'காஃப்' எழுத்தைக் கிழக்குக்கரையார் 'கங்கை' என்பதன் முதல் ஒலிபோல உச்சரிப்பர். பலஸ்தீன நகரத்தார் அதைத் தொண்டைக்குள் விழுங்குவர். நாட்டுப்புறத்தார் வல்லொலியாகச் சொல்வர். 1970க்குப் பின் பலஸ்தீன இளைஞர் பலர் வெளியில் கிழக்குக்கரை உச்சரிப்பைப் பழகிக்கொண்டனர். வாளிக்கான சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லி ஆள் பிடித்த நாட்டிலிருந்து வந்த எமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

நாவைத் திருத்திக்கொண்ட அதே இளைஞன் வெள்ளிக்கிழமை மைதானத்துக்குப் போனான். பல்லாயிரம் பேருக்கு நடுவே நின்று, தன் வீட்டு உச்சரிப்பில், உரத்து, வெஹ்தாத் என்று கத்தினான். அங்கு தனி முகம் இல்லை. யார் கத்தியது என்று எவரும் குறித்துக்கொள்ள முடியாது. பலஸ்தீனக் கொடி பிடித்தால் சிறை; பச்சையும் சிவப்பும் அணிந்தால் அது கழகத்தின் சட்டை. யெருசலேமின் பெயரைச் சொல்லிக் கோஷமிட்டால் அது ரசிகரின் கோஷம். அரசுக்கும் இது தெரியும். இது தெரிந்திருப்பதும் மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

1980இல் வெஹ்தாத் முதன்முறையாக லீக் பட்டம் வென்றது. ஐ.நா. பங்கீட்டு அட்டையில் வளர்ந்த பிள்ளைகளின் கழகம் ஒரு நாட்டின் முதற் கழகமானது. பத்தாண்டுகளுக்கு முன் எறிகணை விழுந்த அதே ஒழுங்கைகளில் அன்று சனம் ஆடியதாக என் சமையலறை நண்பர் சொல்லியிருக்கிறார். 1970இல் அவரது மூத்த சகோதரர் ஒருவர் அங்கே செத்துப்போனார். இரண்டையும் அவர் எப்போதும் ஒரே மூச்சிலேயே சொல்வார்.

4

இனிப் பெயருக்கு வருவோம்.

1950இல் மேற்குக்கரையைத் தன்னுடன் இணைத்த ஜோர்தான் முடியாட்சி, இரு கரைகளும் ஒரே நாடு, ஒரே குடும்பம் என்று சொல்லிவந்தது. 1967இல் மேற்குக்கரை இஸ்ரேலிடம் பறிபோன பின்னரும் இந்தச் சொல்லாடல் மாறவில்லை. 1974இல் ராபாத் மாநாடு பலஸ்தீன விடுதலை இயக்கமே பலஸ்தீனரின் ஏக பிரதிநிதி என்று தீர்மானித்தது. 1986இல் ஹுசைனுக்கும் அரபாத்துக்கும் இடையே இணக்கம் முறிந்தது. யூலையில் அம்மானிலிருந்த ஃபத்தா அலுவலகங்கள் மூடப்பட்டன. வெஹ்தாத் கழகத்தின் பெயர் 'திஃப்பத்தைன்' என்று மாற்றப்பட்டது இக்காலகட்டத்தில்தான். அச்சொல்லுக்கு 'இரு கரைகள்' என்று பொருள்.

கழகத்தை மூடிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூடியிருந்தால் அது தெட்டத்தெளிவான ஒடுக்குமுறை. இது வேறுவகை. நீங்கள் விளையாடலாம், வெல்லலாம், கத்தலாம். ஆனால் கத்துவது நாங்கள் தந்த சொல்லாக இருக்கவேண்டும் என்பது இதன் பொருள். முகாம் என்ற சொல் வாயில் இருக்கும்வரை அகதி என்ற நினைவும் இருக்கும், அகதி என்றால் திரும்பிப் போகவேண்டிய இடம் ஒன்றும் இருக்கும். 'இரு கரைகள்' என்றால் எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறோம். "பேர்தானே" என்று நான் சிரித்தது இதைப் பார்த்துத்தான்.

வரலாறு சிலவேளைகளில் குரூரமாக நகைக்கும். 1987 டிசெம்பரில் இந்திஃபாதா வெடித்தது. 1988 யூலை 31ஆம் திகதி ஹுசைன் மன்னர் மேற்குக்கரையுடனான சட்ட, நிர்வாகத் தொடர்புகளைத் துண்டித்தார். இரு கரைகளில் ஒன்றை அரசே கைவிட்ட பின், அந்தப் பெயரைத் தாங்க கழகம் மட்டுமே மிச்சமிருந்தது. தசாப்தம் முடிவதற்குள் பழைய பெயர் திரும்பி வந்தது. 'வெஹ்தாத்' மீண்டும் வெஹ்தாத்தாயிற்று. ஆனால் அதே துண்டிப்பினால் மேற்குக்கரையில் வாழ்ந்த பலஸ்தீனர் தமது ஜோர்தானியப் பிரஜாவுரிமையை இழந்தனர். கழகத்துக்குப் பெயர் கிடைத்தது. உறவினருக்குக் கடவுச்சீட்டு போனது.

5

இதுவரை எழுதியதை வாசிக்கும் எமது வாசகர்கள் பைசலியை ஒடுக்குபவனின் கழகமாகக் கண்டு முடிவுகட்டிவிடக் கூடும். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். எம் அனுபவத்தை எல்லா இடத்திலும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் எம்மிடம் உண்டு. அது எப்போதும் உண்மையைத் தருவதில்லை.

பைசலியின் திடலில் நிற்பவன் பெரும்பாலும் சிறு அரச ஊழியனின் அல்லது சிப்பாயின் மகன். தன் நாட்டிலேயே தான் சிறுபான்மையாகிவிட்டதாக அவன் நம்புகிறான். தனியார் பொருளாதாரம் பலஸ்தீனரின் கையில் என்பது அவன் முறைப்பாடு. 1989இலிருந்து சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளால் அரச செலவு வெட்டப்பட்டபோது முதலில் அடிபட்டவர்களில் அவனும் ஒருவன். பலஸ்தீன அரசு ஜோர்தானில்தான் இருக்கிறது என்று ஏரியல் ஷரோன் போன்ற இஸ்ரேலிய வலதுசாரிகள் சொல்லிவந்த 'மாற்றுத் தாயகம்' என்ற திட்டம் அவனுக்கு வெறும் பேச்சல்ல, பயம். அதே திட்டத்தை வெஹ்தாத்தின் ரசிகனும் எதிர்க்கிறான். அவனுக்கு வேண்டியது பலஸ்தீனம், ஜோர்தான் அல்ல. இருவரும் ஒரே விடயத்தை எதிர்த்துக்கொண்டு ஒருவரையொருவர் எதிர்க்கிறார்கள். இருவரும் வறியவர்கள். செல்வந்தப் பலஸ்தீனர் மேற்கு அம்மானின் மாளிகைகளில் இருக்கிறார்கள். பெரிய குலத்தலைவர்கள் அரசவையில் இருக்கிறார்கள்.

2009 யூலையில் ஸர்கா நகரில் நடந்த பைசலி–வெஹ்தாத் ஆட்டம் இடையில் நிறுத்தப்பட்டது. பலஸ்தீனப் பெற்றோருக்குப் பிறந்த ரானியா அரசியை மன்னர் விவாகரத்துச் செய்யவேண்டும் என்று பைசலி ரசிகர்களில் ஒரு பகுதியினர் கோஷமிட்டனர். அம்மாதத் தொடக்கத்தில்தான் அரசியின் மகன் முடிக்குரிய இளவரசராக அறிவிக்கப்பட்டிருந்தார். அரண்மனையைப் பற்றித் தெருவில் பேசமுடியாத நாட்டில், அரண்மனையின் படுக்கையறைவரை மைதானத்தில் பேசப்பட்டது. மைதானம் அகதிக்கு மட்டும் குரல் கொடுக்கவில்லை.

2010 டிசெம்பர் 10ஆம் திகதி, முகாமுக்கு அண்மையிலுள்ள குவைஸ்மே மைதானத்தில் வெஹ்தாத் 1–0 என்று பைசலியை வென்றது. ஆட்டம் முடிந்தபின் கல்வீச்சு, பொலிஸாரின் தடியடி, சரிந்த இரும்புவேலி. சுமார் 250 பேர் காயமடைந்தனர். வேலி சரிந்ததற்கு ஒருவர் மற்றவரைக் குற்றஞ்சாட்டினர். அந்தப் பருவகாலத்தில் வெஹ்தாத் உள்நாட்டுக் கோப்பைகள் நான்கையும் வென்றது. ஆயினும் அந்த வருடத்தை நினைப்பவர்கள் கோப்பைகளை அல்ல, வேலியைத்தான் முதலில் நினைக்கிறார்கள்.

6

இந்த இடத்தில்தான் எனது கேள்வி. மைதானத்தில் பெற்ற குரல் யாருடைய சொத்து?

வெஹ்தாத் கழகம் பேச வாயற்றிருந்த சனத்துக்கு ஒரு வாயைக் கொடுத்தது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அரசின் பக்கம் நின்று பார்த்தால், அந்த வாய் தொண்ணூறு நிமிடம் மட்டுமே திறக்கும் வாய். நாளும் இடமும் குறித்த, வேலியும் வாயிற் சோதனையும் கொண்ட, தேவையானால் பார்வையாளரின்றியே நடத்தக்கூடிய ஓர் ஏற்பாடு. இன்னொன்றும் உண்டு. பச்சைச் சட்டைக்குள் எல்லோரும் ஒன்றாகிவிடும்போது முகாமுக்குள்ளே உள்ள வேற்றுமைகள் மறைந்துபோகின்றன. ஜோர்தானில் பதிவுசெய்யப்பட்ட பலஸ்தீன அகதிகள் இரண்டு மில்லியனுக்கும் மேல். அவர்களில் முகாம்களில் வாழ்வோர் ஐந்திலொரு பங்கினருக்கும் குறைவு. 1967இல் காஸாவிலிருந்து வந்தோரில் மிகப்பலருக்குப் பிரஜாவுரிமையே இல்லை. நெடுங்காலமாகத் திடலில் நின்றவர்கள் அநேகமாக ஆண்கள் மட்டுமே. 'வெஹ்தாத்' என்று ஒரே குரலிற் கத்தும்போது இவர்களில் யாருடைய குறை பேசப்படுகிறது?

ஆயினும் மறுபக்கமும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 1998இல் பலஸ்தீனம் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் இடம்பெற்றது. பத்து வருடங்களின் பின், 2008 ஒக்ரோபரில், யெருசலேமை அடுத்த அல்-ராம் மைதானத்தில் அது தன் சொந்த மண்ணில் முதலாவது சர்வதேச ஆட்டத்தை ஆடியது. எதிரணி ஜோர்தான். முடிவு 1–1. 2015 யனவரியில் மெல்பேணில் ஆசியக் கிண்ணத்தில் மீண்டும் சந்தித்தபோது ஜோர்தான் 5–1 என்று வென்றது. வெஹ்தாத் ரசிகன் அன்று எந்தப் பக்கம் நின்றிருப்பான்? கேள்வியே தவறு என்று எனக்கு இப்போது படுகிறது. 2024 பெப்ரவரியில் ஜோர்தான் ஆசியக் கிண்ண இறுதியாட்டம்வரை வந்து கட்டாரிடம் தோற்றது. 2025 யூன் 5ஆம் திகதி ஓமானை 3–0 என்று வென்று முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. தேசிய அணியில் இரு தரப்புப் பிள்ளைகளும் நெடுங்காலமாகவே ஒன்றாக விளையாடி வந்திருக்கிறார்கள். தகுதிபெற்ற இரவில் முகாமிலும் குலத்தலைவரின் ஊரிலும் ஒரே கொடி பறந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. ஒருவன் இரண்டு பெயர்களைச் சேர்ந்தே தாங்க முடியும், எந்த ஒன்றையும் இன்னொருவர் அழித்து எழுதாதவரை.

7

எமது விவாதத்துக்குத் திரும்புகிறேன். ஊர்ப் பெயரில் கழகம் வைத்திருப்பது ஏக்கம் என்ற நண்பருக்கு என் பதில்: ஏக்கம் இருக்கலாம், ஆனால் அது மட்டுமல்ல. கணக்கேட்டிலிருந்து விழுந்த ஒரு சொல்லை ஊராக்கிக்கொண்டது வெஹ்தாத்தின் சனம். நாங்கள் உண்மையான ஊர்களின் பெயர்களை வைத்திருக்கிறோம். அதைக் கேலி செய்ய எனக்கு இனி மனம் வராது.

அரசியற் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்ற நண்பருக்குச் சொல்வது வேறு. வெஹ்தாத் ரசிகனுக்குக் கட்சி தடைசெய்யப்பட்டிருந்தது. அதனால் மைதானத்துக்குப் போனான். எமக்கு இந்நாடுகளில் எவரும் எதையும் தடைசெய்யவில்லை. அப்படியிருந்தும் சனம் கூட்டத்துக்கு வராமல் மைதானத்துக்குப் போகிறதென்றால், எங்கள் கூட்டங்களில் யார் யாரைப் பேசவிடாமற் செய்தார்கள் என்பதை நாங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். மைதானத்தின் மீது குற்றமில்லை.

அந்த மனிதரை நான் கடைசியாகக் கண்டது 1991இல். உணவகம் கைமாறியது, அவர் வேறு நகரத்துக்குப் போய்விட்டார். பழைய பெயர் திரும்பிவந்த செய்தியை அவர்தான் எனக்குச் சொன்னார். அன்று முதலாளிக்குத் தெரியாமல் இருவரும் ஒரு போத்தல் எலுமிச்சைச் சோடா குடித்தோம். முன்பு நான் சிரித்ததை அவர் ஞாபகப்படுத்தவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.